திருடன் பக்கம் நிற்கும் வாசகர்கள்

சுனில் உசத்தியா, விமல் உசத்தியா? இந்தி மர்ம நாவல் ரசிகர்களிடையே பல பத்தாண்டுகளாக ஓயாத வழக்கு இது.

இருவரையும் உருவாக்கியவர் ஒருவரே: சுரேந்தர் மோகன் பாடக். 1940இல் பிறந்த இவர், இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிக் குவித்தவர். நாவல்கள் சுமார் 300.

பத்திரிகை நிருபரான சுனில் 1963இல், முதல் நாவலிலேயே வந்துவிட்டான். துப்புகளைக் கோத்துக் கொலையாளியை ஊகிக்கலாம். மூளைக்கு வேலை என்கிறது சுனில் கட்சி.

1971இல் வந்த விமல் வேறு ரகம். செய்யாத கையாடலுக்குச் சிறை சென்று, தப்பியோடிய கணக்கன். ஒழுங்காக வாழ நினைத்தால், யாராவது அடையாளம் கண்டு, மிரட்டி, கொள்ளைக்கு இழுக்கிறார்கள். திருடனைக் கதாநாயகனாக்கலாமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பிற்கால நாவல்களில் அவன் ஏழைகளின் ரட்சகனாகிவிட்டதை ரசிக்காதவர்களும் உண்டு. ஆனாலும் விமலுக்கே மவுசு அதிகம். 2009இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் ஆங்கிலத்தில் கொண்டுவந்ததும் அவனுடைய 65 லட்ச ரூபாய்க் கொள்ளையைத்தான்.

காரணம் எளிது. கொலையாளி பிடிபட்டதும் சுனில் கதை முடிந்துவிடுகிறது. விமலுக்கு நிம்மதி கிடைக்குமா என்ற கவலையோ, அடுத்த புத்தகம் வரை வாசகனை விடுவதில்லை.