பாக் விரிகுடாக் கடற்புல்லும் ஊட்டச்சத்து மாசும்

கடற்புல் பாசியன்று, வேரும் இலையும் பூவும் கொண்டு கடலுக்குள் வாழும் தாவரமாகும். தஞ்சாவூர் மாவட்டத்தின் அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் கரையோரத்தில், பாக் விரிகுடாவின் ஆழமற்ற தரையில் இது புல்வெளியாகப் படர்ந்துள்ளது. கடற்பசுவின் உணவு இதுவே. நண்டும் இறாலும் மீன்குஞ்சுகளும் இதனுள் ஒதுங்கி வளர்கின்றன.

காவிரிப் பாசனத்தின் கடைமடையும் இக்கரையை ஒட்டியே உள்ளது. நெல்லுக்கு இடும் யூரியாவின் நைட்ரசனில் பாதிக்கும் குறைவாகவே பயிர் எடுத்துக்கொள்கிறது. மீதியில் பெரும்பகுதி காற்றில் கலக்க, ஒரு பகுதி வடிகால் நீரோடு கடலுக்குச் செல்கிறது. இறால் பண்ணைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் அதனுடன் சேர்கின்றன.

வயலில் பயிரை வளர்க்கும் உரம் கடலில் புல்லை வளர்க்காதா எனக் கேட்கலாம். சிறிதளவு வளர்க்கும். அளவு மிகும்போது முந்திக்கொள்பவை நுண்பாசிகள். நீர் பச்சையாகக் கலங்குகிறது. இலைகளின் மேலும் பாசி போர்த்துகிறது. மேற்பரப்பில் விழும் ஒளியில் ஏறத்தாழ 10 விழுக்காடாவது கிடைக்காவிடில் கடற்புல் பிழைப்பது அரிது. மடிந்த பாசி அழுகும்போது ஆக்சிசன் குறைந்து, சேற்றில் உருவாகும் ஐதரசன் சல்பைடு வேரைத் தாக்குகிறது. புல் அழிந்தால் சேற்றைப் பிடித்துவைக்க எதுவுமில்லை; நீர் மேலும் கலங்கும்.

2022இல் தமிழ்நாடு அரசு இங்கு 448 சதுர கி.மீ. கடலைக் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. வடிகால் நீரோ அந்த எல்லைக்கு வெளியிலிருந்து வருகிறது. அமெரிக்காவின் தாம்பா விரிகுடாவில் கழிவுநீரின் நைட்ரசனைக் குறைத்த பின்னரே பல்லாயிரம் ஏக்கர் கடற்புல் மீண்டது. டெல்டாவில் மேலுரத்தைப் பிரித்து இடுவதும், இட்டவுடன் வயல் நீரை வடிக்காதிருப்பதும் இழப்பைக் குறைக்கும், உரச்செலவும் மிச்சம்.