பணிக்குத் திரும்பும் இளம் தாய்மாருக்குத் துணியின் துணை

வயல் வேலைக்குச் செல்லும் பெண்கள் மரக்கிளையில் சேலையால் தூளி கட்டிக் குழந்தையை உறங்கவைப்பது தென்னிந்தியாவில் பழைய வழக்கம். திருப்பதி மாவட்டத்தின் வடமாலபேட்டை போன்ற வேளாண் பகுதிகளில் பணிக்குத் திரும்பும் தாய்மாருக்கு, குழந்தையை உடலோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொள்ளும் முறையும் உதவக்கூடும்.

1986-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியான கனடா ஆய்வில், கூடுதல் நேரம் தூக்கிச் சுமக்கப்பட்ட ஆறு வாரக் குழந்தைகள் அழுதும் சிணுங்கியும் கழித்த நேரம் 43 சதவீதம் குறைவாக இருந்தது.

ஆனால் கட்டும் விதத்தில் கவனம் தேவை. குழந்தையின் முகம் எப்போதும் தாயின் பார்வையில் இருக்க வேண்டும். துணி மூக்கை மூடவோ, மோவாய் மார்பில் அழுந்தவோ கூடாது. தொடைகள் விரிந்து, முழங்கால்கள் சற்று உயர்ந்திருப்பது இடுப்பு மூட்டுக்கு நல்லது. குறைமாதக் குழந்தை எனில் மருத்துவரின் ஆலோசனை அவசியம். அடுப்பு, இயந்திரம், பூச்சிமருந்து, கடும் வெயில் உள்ள இடங்களில் இம்முறையைத் தவிர்க்க வேண்டும். உழைக்கும் பெண்கள் பலரின் பணியிடங்கள் இவைதாம் என்பதே சிக்கல்.

அங்கெல்லாம் குழந்தைகள் காப்பகமே தேவை. மகப்பேறு பலன்கள் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கு சென்று வரவும் உரிமை அளித்தது. வயலில் கூலி வேலை செய்யும் பெண்களை அச்சட்டம் எட்டவில்லை.