வைஃபை பட்டியல் வெறுமையாக இருந்தால்

‘வைஃபை வேலை செய்யவில்லை’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்லப்படும் குறைக்குள் மூன்று வெவ்வேறு குறைகள் ஒளிந்திருக்கின்றன. இணைப்பு கிடைத்தும் இணையம் வராமல் இருப்பது ஒன்று. பெயர் தெரிந்தும் இணைய மறுப்பது இன்னொன்று. மூன்றாவது, வைஃபை குறியைத் தட்டினால் ஒரு பெயர்கூட வராமல் பட்டியல் வெறுமையாக நிற்பது. முதல் இரண்டில் மடிக்கணினியின் வானொலிப் பகுதி உயிரோடு இருக்கிறது; குறையைக் கடவுச்சொல்லிலோ ரூட்டரிலோ இணையச் சேவையிலோ தேடலாம். மூன்றாவதுதான் மனிதரைக் கலங்கடிப்பது, ‘ஃபார்மட் அடித்துவிடலாம்’ என்ற முடிவுக்கு வேகமாகத் தள்ளுவதும் அதுவே. அந்த முடிவு பெரும்பாலும் தவறானது என்பதே என் வாதம். வெற்றுப் பட்டியல் ஒரு தடயம். எது இல்லாமல் போனதால் பட்டியல் வெறுமையானது என்று கேட்டால், பல நேரங்களில் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் விடை கிடைத்துவிடும்.

மடிக்கணினி வலைகளை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஒவ்வொரு ரூட்டரும் தன் பெயரையும் தன்மையையும் தாங்கிய ஒரு சிறிய அறிவிப்பை, வழக்கமாக 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்குப் பத்துத் தடவை போல, ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. மடிக்கணினியின் வைஃபை கார்டு ஒவ்வொரு அலைவரிசையாகத் தாவி அந்த அறிவிப்புகளைக் கேட்கிறது. சில வரிசைகளில் ‘யார் இருக்கிறீர்கள்?’ என்று தானே குரலும் கொடுக்கிறது. கேட்டவற்றின் தொகுப்புதான் நாம் பார்க்கும் பட்டியல். ஆகவே காற்றில் அறிவிப்பே இல்லாத இடத்தில் பட்டியல் வெறுமையாக இருப்பது சரியான விடை. நெய்வேலி டவுன்ஷிப்பில் இதை மறக்கக் கூடாது. 1956இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் ஊழியர்களுக்காகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகரியம் அது. பல வட்டங்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே தோட்டமும் மரங்களும் இருக்கின்றன. சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீடுகளின் பெயர்களே திரையை நிரப்பும். இங்கே உங்கள் ரூட்டர் அணைந்திருந்தால் வேறு எதுவும் தெரியாமலும் போகலாம். எனவே முதல் சாட்சி அதே இடத்தில் வைத்த ஒரு கைப்பேசி. அதுவும் எதையும் காணவில்லை என்றால் மடிக்கணினியைக் குறை சொல்ல முகாந்திரமே இல்லை.

கைப்பேசி காண்கிறது, மடிக்கணினி காணவில்லை என்றாலும் கார்டு செத்துவிட்டது என்று தீர்மானிக்க முடியாது. இரண்டும் ஒரே அலைக்கற்றைப் பகுதியைக் கேட்கின்றனவா என்பது அடுத்த கேள்வி. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி 2005இல் உரிமம் தேவையில்லாததாக அறிவிக்கப்பட்டது. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அதே வகையில் திறந்துவிடப்பட்டது. அதன்பின் வந்த ரூட்டர்களும் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுகளும் 5 கிகாஹெர்ட்ஸில் தாராளமாக இயங்குகின்றன. பழைய மடிக்கணினிகள் பலவற்றின் கார்டு 2.4ஐ மட்டுமே கேட்கும். கார்டின் விவரத்தில் பி, ஜி, என் என்ற எழுத்துகள் மட்டும் இருந்து, ஏ அல்லது ஏசி இல்லாவிட்டால் பெரும்பாலும் அந்த வகைதான். ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4 என்று மாற்றியதும் பெயர் தோன்றிவிடும். 2.4 பகுதிக்குள்ளேயே இன்னொரு கண்ணி உண்டு. இந்தியாவில் அதன் 13 வரிசைகளையும் (சேனல்களையும்) பயன்படுத்தலாம். அமெரிக்கச் சந்தைக்கான கருவிகளில் வழக்கமாக 11 வரைதான். பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த மடிக்கணினி, 12 அல்லது 13ஆம் வரிசையில் அமர்ந்துவிட்ட ரூட்டரைக் காணாமல் போவதற்கு இது போதும். ரூட்டரை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

இவ்வளவும் மடிக்கணினிக்கு வெளியே. உள்ளே ஒரு சங்கிலி இருக்கிறது: கார்டு, அதற்கு உயிரூட்டும் ஃபர்ம்வேர், இயங்குதளத்தோடு பேசவைக்கும் டிரைவர், வலைகளைத் தேடித் தரும் சேவை, இவற்றுக்கெல்லாம் மேலே அனுமதிச் சுவிட்ச். நெய்வேலிச் சுரங்கத்தின் கன்வேயர் பெல்ட்டுகளை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு புரியும்: வரிசையில் ஒரு பெல்ட் நின்றால் அதற்குச் சரக்கு ஊட்டும் பெல்ட்டுகளும் அடுத்தடுத்து நின்றுவிடும், நின்றவை அனைத்தும் பழுதானவை அல்ல, முதலில் நின்றது எது என்பதே பராமரிப்பாளரின் கேள்வி. மடிக்கணினியில் அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் இடம் விண்டோஸின் டிவைஸ் மேனேஜர். அங்கே நெட்வொர்க் அடாப்டர்கள் என்ற தலைப்பின்கீழ் கார்டின் பெயர் சுத்தமாக இருந்தால் கார்டும் டிரைவரும் பேசிக்கொள்கின்றன; ஏரோபிளேன் மோடையும், பழைய மாடல்களின் ஓரத்தில் உள்ள தள்ளு சுவிட்சையும், டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக் என்ற சேவை ஓடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கீழ்நோக்கிய அம்பு இருந்தால் யாரோ அதை முடக்கியிருக்கிறார்கள். வலது சொடுக்கில் மீட்கலாம். மஞ்சள் முக்கோணம் இருந்தால் கார்டு இருக்கிறது, டிரைவரோ ஃபர்ம்வேரோ தடுமாறுகிறது. பெயரே இல்லை என்றால்தான் வன்பொருளைச் சந்தேகிக்க வலுவான காரணம் வருகிறது.

‘கடையில் ஃபார்மட் அடித்தார்கள், சரியாகிவிட்டதே’ என்பது நியாயமான எதிர்வாதம். சரியாவது உண்மை, எதனால் சரியானது என்பதுதான் கேள்வி. விண்டோஸ் 8 முதல், வழக்கமான அமைப்பில் ‘ஷட் டவுன்’ செய்தால் இயங்குதளத்தின் கருப்பகுதி டிரைவர்களின் நிலையோடு சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே எழுப்பப்படுகிறது. குழம்பிய டிரைவர் குழப்பத்தோடே எழும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஃபார்மட் அடிக்கும்போது இந்த மறுதொடக்கமும் டிரைவரைப் புதிதாக ஏற்றுவதும் சேர்ந்தே நடக்கின்றன. நோயைத் தீர்த்தது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. அதற்கு விலையாக மாணவரின் கோப்புகள் போகின்றன. இதைவிடக் கொடுமை, ஃபார்மட்டே இந்தக் குறையை உண்டாக்குவதும் உண்டு. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசு நிறுவனமான எல்காட் வழியாக வாங்கப்பட்ட தொடக்ககாலக் கருவிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. டெபியனோ, நிரல் வெளிப்படையாக இல்லாத ஃபர்ம்வேரைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்காமல் நெடுங்காலம் இருந்தது. 2023இல் வந்த 12ஆம் பதிப்பில்தான் அது சேர்ந்தது. ஆகவே அத்தகைய மடிக்கணினியைத் துடைத்துவிட்டுப் பழைய டெபியனை நிறுவினால், பல கார்டுகள் ஃபர்ம்வேர் இன்றி ஊமையாகிவிடும். இணையம் வேண்டுமானால் டிரைவர் வேண்டும், டிரைவர் வேண்டுமானால் இணையம் வேண்டும் என்ற முட்டுச்சந்தில் கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து ‘டெதரிங்’ இயக்குவதே எளிய வழி.

‘பழுப்பு நிலக்கரித் தூசியும் ஈரக்காற்றும் உள்ள ஊரில் கருவி கெடத்தானே செய்யும்’ என்பது இன்னொரு வாதம். தூசி விசிறியை அடைத்துச் சூட்டைக் கூட்டும், ஈரம் இணைப்பு முனைகளை அரிக்கும், மறுக்கவில்லை. ஆனால் முனை அரித்து இணைப்பு விட்டுப்போனால் கார்டின் பெயர் டிவைஸ் மேனேஜரிலிருந்தே மறைய வேண்டும். பெயர் நிற்கும்போது தூசியைக் குற்றவாளியாக்கச் சான்று இல்லை. பெயர் நின்றும் பட்டியல் வெறுமையாகவே இருந்தால், மடிக்கணினியை ரூட்டருக்கு ஓரடி தூரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே மட்டும் பெயர் தெரிந்தால் பழுது ஆன்டெனாக் கம்பியில். மெல்லிய அந்தக் கம்பிகள் கார்டிலிருந்து கீல் வழியாகத் திரைக்குள் ஏறுகின்றன. மூடித் திறந்த ஆண்டுகளும், கீலைக் கழற்றிய பழைய பழுதுபார்ப்பும் அவற்றை அறுக்கும் அல்லது கழற்றிவிடும்.

மலிவான யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றைச் செருகினால் போதாதா என்பவர்களுக்குப் பாதி ஆம். கார்டு உண்மையிலேயே செத்திருந்தால் அதுவே சிக்கனமான தீர்வு. கடன் வாங்கியாவது அதைச் செருகிப் பார்ப்பது நல்ல சோதனையும்கூட: அடாப்டர் வலைகளைக் காட்டினால் குறை உள் கார்டிலோ அதன் டிரைவரிலோ, அதுவும் வெறுமையாக நின்றால் குறை இயங்குதளத்தின் சேவையிலோ ரூட்டரின் வரிசையிலோ. உள் கார்டையே மாற்றத் துணிபவர்கள் வாங்குமுன் இரண்டைப் பார்க்க வேண்டும். பழைய கருவிகளில் உள்ள மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் பொருத்துவாயும் இப்போதைய எம்.2 பொருத்துவாயும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அடுத்து, சில நிறுவனங்கள் தங்கள் பழைய மாடல்களின் பயாஸில் அனுமதிப் பட்டியல் வைத்திருந்தன. பட்டியலில் இல்லாத கார்டைப் பொருத்தினால் மடிக்கணினி இயங்குதளம் வரை போகாமல் எச்சரிக்கையோடு நின்றுவிடும். பழைய கார்டின் மேல் ஒட்டியிருக்கும் உதிரிபாக எண்ணைக் குறித்துக்கொண்டு அதே எண்ணுள்ள கார்டைத் தேடி வாங்கினால் இந்த இரண்டு தடைகளும் எழாது.