வயர்மேனுக்குச் சான்று உண்டு, மேஸ்திரிக்கு?

சொந்தமாய் ஒரு வீடு – தொடர்: பகுதி 9

மனைப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் சென்ற வாரம் பார்த்து முடித்தோம். மனை நமதுதான் என்று உறுதியானதும் அடுத்த கேள்வி வருகிறது: வேலையை யாரிடம் கொடுப்பது?

இந்தக் கேள்விக்கு ஆரணியை எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பட்டு ஊரில் நெசவாளர் கட்டும் வீட்டுக்குள்தான் அவருடைய தொழிலும் நடக்கிறது. வீட்டின் பெரிய அறை தறிக்குப் போய்விடும். குழித்தறியென்றால் மிதிபலகைக்காகத் தரையில் பள்ளம் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் கீழிருந்து ஈரம் ஏறாதபடி அந்தப் பள்ளத்தைப் பூச வேண்டும். தறிக்கு மேல் ஜக்கார்டு பெட்டி உட்காரும்; அதற்குத் தக்க உயரத்தில் கூரை வேண்டும். ஒரே பாவில் ஒன்றுக்கு மேற்பட்ட சேலைகள் நெய்வார்கள். புதுக் கூரை ஒழுகி அந்தப் பாவின் மேல் தண்ணீர் சொட்டினால் பட்டு பாழாகும், கூலி போகும், மறுபாவு வரும்வரை தறி நிற்கும்.

இவ்வளவு பொறுப்பான வேலை பெரும்பாலும் வாய்ப்பேச்சில் முடிகிறது. சொந்தக்காரர் சொன்ன காண்ட்ராக்டர், பக்கத்துத் தெருவில் வீடு கட்டிய மேஸ்திரி. ‘சதுர அடிக்கு இவ்வளவு’ என்று பேசி, பூமி பூஜையன்று அட்வான்ஸ் கைமாறும். பிறகு கடைகால், பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப் என்று கட்டம் கட்டமாகப் பணம் போகும். சேமிப்பு, நகைக் கடன், வங்கிக் கடன் எல்லாம் அந்த ஒருவர் கையில். அவருக்கு வேலை தெரியும் என்பதற்கு அரசு கேட்கும் சான்று என்ன? தனி வீடு கட்டித் தரும் காண்ட்ராக்டரிடம் தமிழ்நாட்டில் அப்படியொரு சான்று கேட்கப்படுவதில்லை.

எங்கெல்லாம் சான்று கேட்கிறார்கள்?

அரசு யாரையும் சோதிப்பதில்லை என்று இதற்குப் பொருளில்லை. கட்டடத்தைச் சுற்றியுள்ள மற்றவர்களிடம் சான்று கேட்கிறது.

முதலில் வரைபடம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, கட்டடக் கலைஞர், பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர் போன்றோர் தகுதியைக் காட்டிப் பதிவு செய்திருக்க வேண்டும். அனுமதிக்குப் போகும் வரைபடத்தில் அவர்களுடைய கையெழுத்து இருக்கும். வேலை நடக்கும்போது அந்தப் பொறியாளர் மனைப் பக்கம் வருகிறாரா என்பது வேறு விஷயம். பல சிறிய வீடுகளில் கையெழுத்தோடு உறவு முடிந்துவிடுகிறது.

அடுத்தது மின்சாரம். பல்பு, ஃபேன் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள் போக, வயரிங்கை உரிமம் பெற்ற எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர் மூலம், தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். இது விதி.

அடுக்குமாடி விற்பவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. நிலப்பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ வீடுகள் எட்டுக்கு மேல் போனாலோ திட்டத்தைப் பதிவு செய்தாக வேண்டும். ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் விற்றவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். சொந்த மனையில் கட்டும் ஒற்றை வீட்டுக்கு இந்தச் சட்டம் வராது.

‘முதல் வகுப்பு காண்ட்ராக்டர்’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து நம்புகிறவர்கள் உண்டு. அது பொதுப்பணித் துறை போன்ற அரசுத் துறைகளில் டெண்டர் எடுப்பதற்கான பதிவு. உங்கள் வீட்டு வேலைக்கு அதனால் எந்த உத்தரவாதமும் கிடையாது.

ஆரணியில் பட்டு வாங்க வருபவர் சேலையில் பட்டு முத்திரையைத் தேடுகிறார். மத்திய பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த முத்திரை அது. இழை சுத்தமான பட்டு என்பதற்கு அடையாளம். அந்தச் சேலையை நெய்தவர் தன் வாழ்நாள் சம்பாத்தியத்தைப் போட்டு வீடு கட்டும்போது, கட்டுபவரின் தரத்துக்கு அப்படியொரு முத்திரை அவருக்குக் கிடைப்பதில்லை.

கான்கிரீட் போடும் ஒரு நாள்

ஒரு வீட்டின் ஆயுளில் பாதி, ரூஃப் போடும் நாளில் முடிவாகிவிடுகிறது. கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைக்காவிட்டால் கம்பி சென்ட்ரிங் பலகையில் படுத்துவிடும். சில ஆண்டுகளில் துரு ஏறி, கூரையின் அடிப்பூச்சு பெயர்ந்து விழும். கலவை இளகி ஓட வேண்டும் என்று ஒரு வாளித் தண்ணீர் கூடுதலாக ஊற்றினால் வேலை சீக்கிரம் முடியும், கான்கிரீட்டின் பலம் குறையும். சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமென்ட்டுக்கு 10 நாள் ஈரம் காக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நாலரை மீட்டருக்கு மேற்பட்ட அகலமுள்ள கூரைக்கு முட்டுகளை 14 நாள் பிரிக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. முட்டுக்கு நாள் வாடகை ஏறும்போது அதைச் சீக்கிரம் பிரித்து அடுத்த வேலைக்குக் கொண்டுபோகும் அவசரம் வரும். இவற்றில் ஒன்றுகூட நகராட்சிக்குப் போன வரைபடத்தில் தெரியாது. எல்லாம் மேஸ்திரியின் கையிலும் மனசாட்சியிலும் இருக்கிறது.

அனுமதிச் சீட்டு கட்டடத்தைத் தாங்கிப் பிடிக்காது என்பதைச் சென்னை மௌலிவாக்கம் காட்டியது. 2014 ஜூன் 28 அன்று அங்கே கட்டி வந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு அனுமதி இருந்தது.

இப்போது சிறிய வீடுகளுக்கு அனுமதி இன்னும் எளிதாகியிருக்கிறது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால், உரிமையாளரின் சுயசான்றின் பேரில் இணையவழியில் உடனடி அனுமதி. 2024 ஜூலையில் வந்த திட்டம் இது. கட்டட முடிவுச் சான்றும் தேவையில்லை. அலைச்சல் குறைந்தது நல்லதே. நான் அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் பொறுப்பு முழுவதும் உரிமையாளர் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. தறியைத் தவிர வேறு தொழில் அறியாதவர், தன் வீடு விதிப்படி இருக்கும் என்று தானே சான்று தருகிறார். உண்மையில் கட்டுபவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

படிக்காத மேஸ்திரி என்ன ஆவார்?

உரிமம் கட்டாயம் என்றால் ஏட்டுப் படிப்பில்லாத மேஸ்திரிகளின் பிழைப்பு போய்விடுமே என்பார்கள். நியாயமான கவலை. பதில் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுத 21 வயதும், வயரிங் வேலையில் ஐந்தாண்டு அனுபவமும் கேட்கிறார்கள். கையால் கற்ற தொழிலைச் சோதித்துச் சான்று தரும் வழி அரசுக்குத் தெரியும் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டாம். கொத்தனாராக ஆரம்பித்து மேஸ்திரியானவரை, கம்பி கட்டவும் கலவை போடவும் சொல்லிச் சோதித்து, அதே போல ஒரு சான்று தரலாம்.

நம்மூர்த் தொழிலாளர்கள் பலர் வேலை பார்க்கும் சிங்கப்பூரில், 1986இல் ஹோட்டல் நியூ வேர்ல்ட் இடிந்து 33 பேர் இறந்தபின் கட்டடச் சட்டம் இறுக்கப்பட்டது. 2009 முதல் கட்டுநர்களுக்கும் உரிமம் கட்டாயம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் காண்ட்ராக்டர் உரிமத்துக்கென்றே 1929 முதல் தனி வாரியம் இருக்கிறது. நான்காண்டு அனுபவம் காட்டித் தேர்வு எழுத வேண்டும்; 25,000 டாலருக்குப் பிணையும் தர வேண்டும். வேலை கெட்டுப்போனால் வீட்டுக்காரர் அந்தப் பிணையிலிருந்து ஈடு கேட்கலாம். அவ்வளவு பெரிய தொகை இங்கே தேவையில்லை. நகராட்சியில் ஒரு பதிவேடு, அனுபவத் தேர்வு, சிறு பிணை, புகார் நிரூபணமானால் பதிவு ரத்து. ஆரணி அளவிலான ஊருக்கு இந்த நான்கும் போதும். நல்ல மேஸ்திரிக்கு இதனால் பேர் கிடைக்கும். பணத்தை வாங்கிக்கொண்டு பாதியில் போகிறவர் அடுத்த தெருவில் பூமி பூஜை போட முடியாது.

அதுவரை நாம் செய்ய வேண்டியது

ஒப்பந்தத்தை எழுதிக்கொள்ளுங்கள். வரைபடம், கம்பி விவரம், சிமென்ட் வகை, கட்டத்துக்குக் கட்டம் எவ்வளவு பணம், எத்தனை மாதம், முடித்தபின் எவ்வளவு காலம் குறைகளைச் சரிசெய்வார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கடைசித் தவணையில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்திவைக்க முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அனுமதிக்குக் கையெழுத்திட்ட பொறியாளர் கடைகாலுக்கும் ரூஃபுக்கும் கம்பி கட்டியதும் வந்து பார்க்கத் தனியாகக் கட்டணம் கொடுத்தாலும் தகும். அனுமதி பெற்ற வரைபடத்தைக் கட்டட இடத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17 அன்று உத்தரவிட்டிருக்கிறது, அதையும் மாட்டிவையுங்கள்.

வேலை கெட்டால் வழி அடைபட்டுவிடவில்லை. வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டப்படி ஒரு சேவைதான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. ரசீதும் ஒப்பந்தமும் கையில் இருந்தால் வழக்கு நிற்கும்.

ஒவ்வொரு குடும்பமும் தனியாகக் காவல் காப்பதை வைத்து அரசு ஒதுங்கிவிட முடியாது. ஸ்விட்ச் போடுபவரிடம் சான்று கேட்பது சரியென்றால், தலைக்கு மேல் கூரை போடுபவரிடம் கேட்பதும் சரிதான். வார்டு கூட்டத்தில், நகர்மன்ற உறுப்பினரிடம், சட்டமன்ற உறுப்பினரிடம் இதைக் கேட்போம். ஆரணி நெசவாளர் சங்கங்களும் கட்டடத் தொழிலாளர் சங்கங்களும் சேர்ந்து கேட்டால், காது கொடுக்காமல் இருப்பது கடினம்.

அடுத்த வாரம்: ஒப்பந்தப் பத்திரத்தை வரிக்கு வரி எழுதுவது எப்படி?

(தொடரும்)