நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு குச்சி

"ஒரு குச்சிக்கு நாலாயிரமாங்க?" என்று என் புதுத் தூண்டில் ராடைப் பார்த்து என் மனைவி கேட்டதில் தப்பில்லை. அவள் பிறந்தது ஏரியூர்ப் பக்கம். மேட்டூர் அணைத் தண்ணீர் ஏறி நிற்கும் நாகமரைக் கரையில், அவளுடைய தாத்தா மூங்கிலை வெட்டி, நெருப்பில் வாட்டி நிமிர்த்தி, நரம்பைக் கட்டி, மண்புழுவைக் கோத்து, வீட்டுக்கே குழம்பு மீன் கொண்டுவந்தவர். அந்தத் தூண்டிலுக்கு ஆன மொத்தச் செலவு நரம்பும் முள்ளும்தான். அன்றைக்கு நான் சொன்ன பதில் அவளுக்குத் திருப்தியாக இல்லை. இப்போது கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் பென்னாகரம் வட்டாரத்தில் மின்வாரிய லைன்மேன். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இல்லையென்றால் ஏரிக்கரை. தக்கையும் புழுவுமாக ஜிலேபிக் கெண்டை பிடித்துக்கொண்டிருந்தவனைக் கெடுத்தது பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன். நாலு வருஷத்துக்கு முன் ஒரு பொங்கல் லீவில் ரப்பர் தவளை ஒன்றைக் கொண்டுவந்து, "மாமா, இதை அந்தத் தாமரை இலை மேல வீசிட்டு மெதுவா இழுங்க" என்றான். இழுத்தேன். இலைக்கு அடியிலிருந்து விரால் எழும்பி அடித்த சத்தம், யாரோ தண்ணீரில் செங்கல்லைப் போட்டதுபோல் இருந்தது. அதோடு புழுத் தோண்டுவதை விட்டுவிட்டேன்.

அப்போது என்னிடம் இருந்தது தொள்ளாயிரம் ரூபாய் செட். பழைய ரேடியோ ஏரியலைப்போல் இழுத்து நீட்டும் ராடு, அதோடு ஒரு ரீல், நரம்பு, ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய எதற்கென்றே தெரியாத சாமான்கள். ஜிலேபிக்கு அது போதும். விராலுக்குப் போதாது என்று நாகாவதி அணையில் ஒரு கார்த்திகைக் காலையில் தெரிந்தது. வேலம்பாசிக்கு நடுவே ஒரு முழ அகலத்துக்குத் திறந்த தண்ணீர். தவளை அங்கே வந்ததும் அடி விழுந்தது. விரால் கடித்த உடனே சுண்டக் கூடாது. வாய்க்குள் வாங்க நேரம் கொடுக்க வேண்டும். ஒன்று, இரண்டு எண்ணிச் சுண்டினேன். ராடு ஊறிய கோரைபோலக் கைப்பிடி வரை வளைந்தது. நான் கொடுத்த விசையெல்லாம் அந்த வளைவிலேயே தீர்ந்துபோனது. மீனுக்கு ஒன்றும் தெரியவில்லை. சாவகாசமாகப் பாசிக்குள் போய் நரம்பைச் சுற்றிக்கொண்டது. முட்டாள்தனமாக இன்னும் தூக்கினேன். மூன்றாவது கணுவில் முறுக்கு ஒடிவதுபோல் ஒரு சத்தம். மீனும் போனது, இருநூற்றைம்பது ரூபாய்த் தவளையும் போனது.

புது ராடு தேடப் போனால் எல்லாவற்றின் மேலும் ஒரே பேச்சு: பாஸ் ராடு, பாஸ் ராடு. பாஸ் நம் ஊர் மீன் அல்ல. வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்து ஏரிகளில் பிறந்தது. பச்சை உடம்பு, பக்கவாட்டில் கறுப்புக் கோடு, முகத்தைவிடப் பெரிய வாய். அங்கே அது ஒரு பைத்தியம். 1932 ஜூன் 2-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெரி என்பவர் பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன், அதாவது பத்துக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், 77 வருஷம் அசைக்க முடியாத சாதனையாக நின்றது. 2009 ஜூலையில் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா அதைச் சமன் செய்தார். ஜப்பானுக்கு அந்த மீன் 1925-ல் கொண்டுபோகப்பட்டது. இன்று அங்கே அது சட்டப்படி வேண்டாத விருந்தாளி.

நமக்கு இதில் என்ன வேலை என்றால், பாஸின் குணம் அப்படியே விராலின் குணம். பாசியிலும் மரக்கட்டையிலும் ஒளிந்திருக்கும், மேலே போகும் தவளையை அடிக்கும், முள் ஏறியதும் புதருக்குள் ஓடும். இதற்கு வேடிக்கையான சாட்சி அமெரிக்காவிலேயே இருக்கிறது. 2002-ல் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு குளத்தில் சீனத்து விரால் பெருகியிருப்பதைக் கண்டு ஊரே அலறியது. உயிருள்ள விராலை இறக்குமதி செய்யவே அந்த வருஷம் தடை போட்டார்கள். ஆனாலும் விரால் ஆறுகளில் பரவிவிட்டது. இப்போது அங்கே அதைப் பிடிப்பவர்கள் வீசுவது பாஸுக்கு வைத்திருந்த அதே ராடும் அதே தவளையும்தான். தெலங்கானா தன் மாநில மீனாக வைத்துக் கொண்டாடும் சாதிக்கு அங்கே அந்தக் கதி. ஆக, பாஸ் ராடு என்ற பெயரைப் பார்த்து நாம் ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் ஒரு படகில் பத்து ராடு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு லூருக்கும், அதாவது ஒவ்வொரு போலி இரைக்கும், ஒன்றை எடுக்கிறவர்கள். நாம் ஒன்றே ஒன்று வாங்கி, அதை பைக்கில் கட்டிக்கொண்டு போகிறவர்கள். அந்த ஒன்று எது என்பதுதான் கேள்வி.

பதில் விலைச் சீட்டில் இல்லை. கைப்பிடிக்கு மேலே, எறும்பு சைஸ் எழுத்தில் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படிக்க வேண்டும். நான் வாங்கியதில் இருந்தது: 7 அடி, எம்எச், ஃபாஸ்ட், லூர் 7 முதல் 28 கிராம், லைன் 10 முதல் 20 பவுண்டு.

இதில் எம்எச் என்பது மீடியம் ஹெவி. இது பவர், குச்சியை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதன் கணக்கு. ஃபாஸ்ட் என்பது ஆக்‌ஷன். குச்சி எந்த இடத்தில் வளைகிறது என்பது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் பாதிப் பேர் ஏமாறுகிறோம், என்னையும் சேர்த்து. மாட்டுச் சாட்டைக் குச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். முனை மட்டும் துவண்டு, அடி கெட்டியாக நின்றால் அது ஃபாஸ்ட். பாதி வரை வளைந்தால் மாடரேட். என் பழைய ராடைப்போல அடிவரை வளைந்தால் ஸ்லோ. தவளைக்கு முதுகை ஒட்டி இரண்டு தடித்த முள். அவை விராலின் எலும்பு வாயில் ஏற வேண்டுமென்றால், முனை வளைந்து முடிந்ததும் அடிக்குச்சி உடனே வேலைக்கு வர வேண்டும். மீனைப் பாசிக்குப் போகவிடாமல் திருப்புவதும் அந்த அடிக்குச்சிதான். அதனால் விராலுக்கு மீடியம் ஹெவி, ஃபாஸ்ட். சின்ன ஸ்பின்னர் லூர் போட்டு ஜிலேபி, சிறு கெண்டை என்று போகிறவர்களுக்கு மீடியம் போதும்; அவர்கள் எம்எச் வாங்கினால் விளக்குமாற்றால் மீன் பிடிப்பதுபோல இருக்கும்.

லூர் கிராம் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. என் தவளை 12 கிராம். 7 முதல் 28 என்ற ராடில் அது சரியாக உட்காரும். அதே தவளையை 20 கிராமில் தொடங்கும் ராடில் கட்டினால், வீசும்போது குச்சி வளையாது. தவளை உங்கள் காலடியிலேயே விழும். தாங்கும் எடைக்கு மேல் கட்டி வீசினால் முனை போகும்.

அப்புறம் கார்பன். 24 டன், 30 டன் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது பலத்தின் அளவு அல்ல, அந்த நாரின் விறைப்பின் அளவு. டன் ஏற ஏறக் குச்சி எடை குறையும், தண்ணீருக்கடியில் லூர் ஒரு கல்லை உரசினாலும் விரலுக்குச் சேதி வரும். கூடவே, கரையில் படுத்திருக்கும்போது ஒருவன் மிதித்தால் ஒடியவும் செய்யும். கண்ணாடி நார் ராடு இதற்கு நேர் எதிர்: கனம், மந்தம், ஆனால் உரலில் போட்டு இடித்தாலும் தாங்கும் ரகம். ஐயாயிரத்துக்குள் வாங்கும் நமக்குப் பெரும்பாலும் நடுத்தரக் கார்பன்தான் கிடைக்கும். சீமைக்கருவேல முள்ளுக்குள் நுழைந்து போகிறவனுக்கு அதுதான் நல்லதும்கூட. ஆயிரம் ரூபாய் ராடுக்கும் நாலாயிரம் ரூபாய் ராடுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நாலாயிரத்துக்கும் பன்னிரண்டாயிரத்துக்கும் உள்ள வித்தியாசம் சில கிராம் எடையும் கொஞ்சம் கூர்மையும். ஷிமானோ, டைவா, அபு கார்சியா எல்லாரும் இந்த நடு விலையில் ராடு வைத்திருக்கிறார்கள். நான் எதை வாங்கினேன் என்று சொல்லப் போவதில்லை, விளம்பரமாகிவிடும்.

வாங்கியது சேலத்தில், நேரில் போய். முதல் கடையில் ஒருவர் ராடின் பலத்தைக் காட்டுகிறேன் என்று முனையைக் கூரையில் முட்டி அழுத்தி வளைத்தார். அந்த ராடை மட்டும் வாங்கக் கூடாது என்று முடிவு செய்து வெளியே வந்தேன். தண்ணீரில் மீன் அப்படி வளைப்பதில்லை. அந்த வளைப்பில் விழும் விரிசல் கடையில் தெரியாது, கரையில்தான் தெரியும்.

இரண்டாவது கடையில் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன். கம்பத்தின் நேர் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடி, அடியிலிருந்து முனை வரை வளையங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்தேன். சட்டைப் பையில் கொண்டுபோயிருந்த பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுத் துடைத்தேன். உள்ளே இருக்கும் பீங்கான் வளையத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தால் பஞ்சு மாட்டிக்கொள்ளும். அந்த வெடிப்பு, இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்ட் லைனை ரம்பம்போல் அறுத்துவிடும். நாலாவது வளையத்தில் மாட்டியது. "அண்ணே, வேற பீஸ் எடுங்க" என்றேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய் எடுத்துவந்தார். பிறகு இரண்டு துண்டையும் சேர்த்து உதறிப் பார்த்தேன். இணைப்பில் டக்கென்று சத்தம் வரக் கூடாது. ஒரே துண்டு ராடுதான் சிறந்தது என்பார்கள். இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு தருமபுரி பஸ்ஸில் நின்று பாருங்கள். கடைசியாக என் ரீலை மாட்டி, ரீலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் ராடைப் படுக்க வைத்தேன். முனை தொங்காமல் நின்றது. முனை தொங்கும் ராடு இரண்டு மணி நேரத்தில் மணிக்கட்டைக் கழற்றிவிடும்.

ரீல் பழசுதான். லைன் மட்டும் 30 பவுண்டு பிரெய்ட் போட்டேன். நைலான் நரம்பு இழுத்தால் நீளும், பிரெய்ட் நீளாது. விறைப்பான ராடு வாங்கிவிட்டு நீளும் நரம்பைப் போடுவது, புது வண்டி வாங்கிவிட்டுப் பழைய டயரை மாட்டுவதுபோல. லைன் கணக்கு 20 பவுண்டுதானே என்று கேட்பீர்கள். அது நைலானுக்குச் சொன்னது. பிரெய்ட் அதைவிட மெல்லியது, மீன் இழுத்தால் லைனை விட்டுக்கொடுக்கும் ரீலின் டிராக்கைக் கொஞ்சம் இளக்கி வைத்தால் ராடுக்குப் பங்கமில்லை.

மேலே உட்காரும் ரீல் மாட்டும் பெய்ட்காஸ்டிங் ராடைத்தான் அமெரிக்காவில் தவளைக்குப் பிடிக்கிறார்கள். அக்கா மகனும் அதைத்தான் வாங்கச் சொன்னான். ஒரு காலை முழுக்க அவனுடையதை வீசிப் பார்த்தேன். லைன் சிக்கிக் குருவிக்கூடாக நின்றதை அவிழ்த்த நேரம்தான் அதிகம். கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீலே எனக்குச் சரி.

ராடு வந்துவிட்டது என்று கண்ட தண்ணீரில் வீச முடியாது. ஏரியைக் குத்தகை எடுத்தவரைக் கேட்க வேண்டும்; அணை என்றால் மீன்வளத்துறை அனுமதி. ஒகேனக்கல் பக்கம் காவிரியில் பெரிய மகசீர் இருக்குமே என்று ஆசைப்படுகிறவர்களுக்கு: நம் தருமபுரி மாவட்டக் காடுகளிலும் கிருஷ்ணகிரிக் காடுகளிலும் ஒரு பகுதி 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் ஆகிவிட்டது, முதுகில் திமில் உள்ள காவிரி மகசீர் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். அதை விட்டுவிடுங்கள். விராலிலும், சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாகக் குமிழியிடும் இடத்தில் தவளையை வீசாதீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். கோபத்தில் கட்டாயம் அடிக்கும். அதைப் பிடிப்பதில் ஒரு சாமர்த்தியமும் இல்லை, குஞ்சு அத்தனையும் ஜிலேபிக்கு இரை.

புது ராடின் முதல் மீன் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதே நாகாவதி, அதே பாசி. ஒன்று, இரண்டு எண்ணிச் சுண்டியதும் முனை மடங்கி, அடிக்குச்சி அப்படியே நின்றது. தலையைத் திருப்பிய மீன் பாசியின் மேலாகவே வழுக்கிக்கொண்டு வந்தது. மனைவி குழம்பு வைத்தாள். "நாலாயிரம் ரூபாய் மீன்" என்று பிள்ளைகளுக்குப் பரிமாறினாள்.

இனி சொல்வது லைன்மேனாக. லைனைத் துண்டிக்கும் ஏபி சுவிட்சை இறக்கிய பிறகு கம்பியை எர்த் செய்ய நாங்கள் பிடிக்கும் குச்சியின் கைப்பிடி மின்சாரம் கடத்தாத கண்ணாடி நார். ஞாயிற்றுக்கிழமை நான் பிடிக்கும் ராடு கார்பன். அது மின்சாரத்தைக் கடத்தும். வயல் வழியே போகும் 11,000 வோல்ட் கம்பி தரையிலிருந்து சுமார் 15 அடி உயரத்தில் இருந்தாலே விதிப்படி சரி. நீங்கள் கையைத் தூக்கி 7 அடி ராடை வீசினால் முனை 13 அடிக்குப் போகிறது. ஏரிக்கரை மேல் ஏறி நின்றால் கம்பியைத் தாண்டிவிடும். கம்பியைத் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே மின்சாரம் பாயும். கரைக்குப் போனதும் தண்ணீரைப் பார்ப்பதற்கு முன் தலைக்கு மேலே பாருங்கள். கம்பி இருந்தால் ராடைப் படுக்கை வாட்டில் பிடித்தபடி அந்த இடத்தைக் கடந்து போங்கள். இடி இடித்தால் ராடைக் கீழே போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். லூர் கம்பியில் மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். லைனை விட்டுவிட்டு விலகி நின்று 94987 94987 என்ற மின்வாரிய எண்ணுக்குச் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம்.