நின்னு விளையாண்ட மாடு

காணும் பொங்கல் சாயங்காலம் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு முடிந்து, காளைகளை அவிழ்த்துவிடும் வாடிவாசலை அடைத்த பிறகுதான் டீக்கடைகளில் அடுத்த ஆட்டம் ஆரம்பிக்கும். "பிடிபடல, சரிண்ணே. ஆனா நின்னுச்சா? வந்த வேகத்துல ஓடிப்போச்சே" என்று ஒருவர் குறை சொல்வார். "ரெண்டு சுத்து சுத்திட்டுத்தானடா போச்சு! ஒருத்தனாச்சும் திமில்ல கை வச்சானா?" என்று இன்னொருவர் மல்லுக்கு நிற்பார். காரும் டிராக்டரும் பரிசு வாங்கிக் கொடுத்த காளையைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள்.

ஓடியதா, நின்றதா என்பது வெட்டிப் பேச்சு இல்லை. மாடு கூட்டமாக வாழும் பிராணி. புலிக்கும் ஓநாய்க்கும் இரையாக இருந்த வம்சம் என்பதால், மிரண்டால் ஓடுவதுதான் அதன் இயல்பு. அப்படிப்பட்ட ஒன்றைத் தனியாக, மூக்கணாங்கயிற்றை அறுத்து, இத்தனை இரைச்சலுக்குள் விட்டால் ஓடத்தானே வேண்டும்? ஓடாமல் திரும்பி நின்று ஆட்களை முறைக்கிறதே, அதனால்தான் 'நின்னு விளையாடுச்சு' என்பது இங்கே ஒரு காளைக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பாராட்டு.

மதுரைப் பக்கத்து வாடியில் பேர்போனது புலிக்குளம் மாடு. சிவகங்கை மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயர் அது. இந்த இனத்தைக் கிடை மாடாக வளர்ப்பார்கள். அறுவடை முடிந்த வயல்களுக்கு மந்தையாக ஓட்டிப்போய் இரவில் அடைத்துவைப்பார்கள். சாணியும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். திறந்தவெளியில், அதிகம் கைபடாமல் வளர்வதால் அந்நியரை எளிதில் கிட்டே சேர்க்காது. எந்த மாட்டுக்கும் தன்னைச் சுற்றி ஓர் எல்லை உண்டு. அதற்கு வெளியே நிற்பவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். உள்ளே கால் வைத்தால் விலகும், அல்லது திரும்பிப் பாயும். வாடியில் சோதிக்கப்படுவது இந்த எல்லைதான்.

கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் காளைக்குச் சுற்றிலும் ஏறக்குறைய 330 பாகை வரை பார்வை உண்டு. நேர் பின்னால் மட்டும் தெரியாது. தூரத்தைச் சரியாகக் கணிப்பதோ முன்பக்கத்தில் ஒரு குறுகிய வட்டத்துக்குள்தான். ஆகவே பக்கவாட்டில் ஏதோ அசைந்தால் தலையைத் திருப்பி நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும். பின்னால் ஒருவன் பதுங்கினால் உடம்பையே சுழற்ற வேண்டும். 'சுத்து மாடு' என்று கொண்டாடுகிறோமே, அதில் பாதி இந்தக் கண்ணின் வேலை. சிவப்பைக் கண்டால் வெறிபிடிக்கும் என்பது சும்மா. சிவப்பை நாம் பார்க்கிறபடி அதனால் பார்க்கவே முடியாது; துண்டின் ஆட்டம்தான் அதை இழுக்கிறது.

மீதிப் பாதி வளர்ப்பு. குவித்த மண்ணைக் கொம்பால் குத்தப் பழக்குவார்கள். கண்மாயில் நீந்தவிடுவார்கள். பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் பேரீச்சம்பழமும் கொடுத்து உடம்பைத் தேற்றுவார்கள். வாடியில் பத்துப் பேரைச் சிதறடித்த காளையை, அந்த வீட்டுப் பெண்பிள்ளை ஒற்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போவதை இந்தப் பக்கம் பார்க்கலாம். மாயம் ஒன்றுமில்லை. மாடுகள் ஆட்களைத் தனித்தனியாக அடையாளம் வைத்துக்கொள்ளும். தீனி வைக்கும் கைக்கு அந்த எல்லைக்குள் இடமுண்டு.

மாடுபிடி வீரர் திமிலை மட்டும்தான் அணைக்கலாம். கொம்பு, வால், கால் எதையும் தொடக்கூடாது. ஒரு நேரத்தில் ஒருவர்தான். குறித்த தூரம் வரையோ, மாடு மூன்று தாவல் தாவும் வரையோ தொங்கினால் வெற்றி. திமிலுக்குள் எலும்பு கிடையாது, தசையும் கொழுப்பும்தான். காளை உடம்பில் பிடிக்க வாகான இடம் அது. கொம்பு எளிதில் எட்டாத இடமும் கூட. ஒட்டிக்கொண்டிருக்கும்வரை ஆள் கொம்பின் வீச்சுக்குள் வருவது குறைவு. பிடி நழுவி, கீழே விழும் அந்த நொடிதான் பெரிய ஆபத்து. ஆண்டுதோறும் காயங்களும் சில சாவுகளும் நேர்கின்றன. டீக்கடைப் பேச்சில் அதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்ததும், 2017 ஜனவரியில் மெரினாவிலும் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் தடையை எதிர்த்துக் கூட்டம் திரண்டதும், 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்றதும் ஊரறிந்த கதை. 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் ஜல்லிக்கட்டுக்கென்றே பெரிய அரங்கமே திறந்தாயிற்று.

நின்ற காளையைப் பொலிக்குக் கேட்டு ஆள் வருவதும் உண்டு. அப்போது டீக்கடை வாக்குவாதம் கன்றின் மேல் திரும்பும்: அதுவும் நிற்குமா? மாட்டின் சுபாவம் ஓரளவு பரம்பரையாக இறங்கும், மீதி வளர்ப்பில் வரும். பரம்பரையிலும் காளையின் பங்கு பாதிதான். அதனால் கன்றுக்கு விலை பேசப் போகிறவர், அப்பன் வாங்கிய பரிசை எண்ணுவதோடு நிற்காமல், தாய்ப்பசு அந்நியரைக் கிட்டே விடுகிறதா என்று ஒருநடை பார்த்துவிட்டுப் பணத்தை எடுப்பது நல்லது.