வெள்ளை உடுப்பு போதாது... பதிவு எண் வேணும்!

இந்தக் காட்சியை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீங்க. இடம் முத்தாபுதுப்பேட்டை பஸ் ஸ்டாப்னு வெச்சுக்குவோம். காலை ஏழரை மணி. ஆவடி போற ஷேர் ஆட்டோவுக்காக ரெண்டு அம்மாக்கள் நிக்கறாங்க. பக்கத்து மின்கம்பத்துல ஒரு நோட்டீஸ். 'ஒரே வருடத்தில் நர்ஸ் ஆகலாம்! பத்தாவது பாஸ், ஃபெயில் யாராக இருந்தாலும் சரி! வேலை உறுதி!'

"ஏங்க்கா, என் பொண்ணு இப்பத்தான் ப்ளஸ் டூ முடிச்சா. நாலு வருஷம் படிக்க வைக்க நமக்கு எங்கே வசதி? இது ஒரே வருஷந்தானே, சேர்த்துடலாமா?"

"பேஷா சேர்த்துடு. ஊசி போடக் கத்துக்கிட்டா போதாதா?"

போதாது அம்மா, போதவே போதாது!

அந்த ஒரு வருஷமும், அதுக்குக் கட்டற பணமும் உங்க பொண்ணை நர்ஸ் ஆக்காது. ஆஸ்பத்திரியில உதவியாளரா வேலை கிடைக்கலாம். அதுவும் கௌரவமான வேலைதான். ஆனா அஞ்சு வருஷம் கழிச்சு, "இவ்வளவு அனுபவம் இருக்கே, அரசு வேலைக்கு மனுப் போடலாமே"ன்னு நினைக்கிறப்பத்தான் கதவு மூடியிருப்பது தெரியும். பத்து வருஷ அனுபவம் இருந்தாலும் அந்தக் கதவு திறக்காது. அதைத் திறக்கிற சாவி ஒண்ணே ஒண்ணுதான். அதன் பெயர் பதிவு எண்.

யார் நர்ஸ்?

நம் மாகாணத்தில் 1926-ம் ஆண்டிலேயே நர்சுகள், தாதிகளுக்காக ஒரு சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் இயங்குவதுதான் தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில். அலுவலகம் மயிலாப்பூர், சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. டாக்டருக்கு மெடிக்கல் கவுன்சில் எப்படியோ, நர்சுக்கு இந்தக் கவுன்சில் அப்படி. இதன் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் 'ஆர்.என்.', 'ஆர்.எம்.' என்ற எழுத்துகளைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். முதலாவது பதிவு பெற்ற நர்ஸ். இரண்டாவது பதிவு பெற்ற மிட்வைஃப், அதாவது பிரசவம் பார்க்கத் தகுதி பெற்றவர்.

அகில இந்திய அளவில் 1947-ம் ஆண்டுச் சட்டப்படி இந்தியன் நர்சிங் கவுன்சில் ஏற்பட்டது. என்ன பாடம், எத்தனை மணி நேர வார்டு பயிற்சி என்று வகுத்தது அதுதான். 2023-ல் பாராளுமன்றம் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதன்படி இந்தக் கவுன்சில்களின் இடத்தில் தேசிய ஆணையமும் மாநில ஆணையங்களும் வர வேண்டும். பெயர்ப் பலகை மாறினாலும் பதிவேடு என்ற அடிப்படை மாறப்போவதில்லை.

எதைப் படித்தால் பதிவு கிடைக்கும்?

பயப்படாதீங்க, வழி ரொம்பச் சுலபம். நர்ஸ் என்று பதிவு செய்ய இரண்டு வாசல்கள்தான் முக்கியம்.

ஒன்று, ஜி.என்.எம். எனப்படும் டிப்ளமோ. மூன்று வருஷம். இன்னொன்று, பி.எஸ்ஸி. நர்சிங். நாலு வருஷம். தமிழ்நாட்டில் பட்டம் தருவது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தருகின்றன. இரண்டுக்கும் ப்ளஸ் டூ முடித்திருக்க வேண்டும், 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். பி.எஸ்ஸி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் அவசியம்.

இது தவிர, ஏ.என்.எம். என்று இரண்டு வருஷப் படிப்பு உண்டு. கிராம சுகாதார நர்ஸ் வேலைக்கான படிப்பு அது. அதற்கும் கவுன்சிலில் தனிப் பதிவு இருக்கிறது.

"நாலு வருஷத்துக்கு வசதி இல்லையே" என்கிற அம்மாவுக்கு ஒரு வார்த்தை. டிப்ளமோ முடித்து வேலைக்குப் போய்விட்டு, பிறகு இரண்டு வருஷ போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. படித்துப் பட்டதாரியாகலாம். சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜிலேயே அரசு நர்சிங் கல்லூரி இருக்கிறது. தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. தமிழ்நாட்டில் இந்த பி.எஸ்ஸி. இடங்களை ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்பி வந்திருக்கிறார்கள். அந்தந்த வருஷத்து விளக்கக் குறிப்பேட்டை வாங்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள். தேர்வுக் குழுவுக்கு மனுவே போடாமல் நேரே தனியார் கல்லூரியில் பணம் கட்டுவதுதான் பல குடும்பங்கள் செய்கிற முதல் தப்பு!

முத்தாபுதுப்பேட்டை மாதிரி விமானப்படை நிலையத்தை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு இன்னொரு வாசலும் தெரிந்திருக்கும். ராணுவ நர்சிங் சர்வீஸ். தேர்வானால் ராணுவ நர்சிங் கல்லூரியில் நாலு வருஷ பி.எஸ்ஸி., முடித்ததும் லெப்டினன்ட் பதவி! ஆனால் இதற்கு 'நீட்' மதிப்பெண் தேவை.

பதிவு செய்வது எப்படி?

படிப்பு முடிந்து சான்றிதழ் கைக்கு வந்ததும் கவுன்சிலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பள்ளி மதிப்பெண் பட்டியல், நர்சிங் மதிப்பெண் பட்டியல்கள், டிப்ளமோ அல்லது பட்டச் சான்றிதழ், போட்டோ, கட்டணம், இவ்வளவுதான். பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அலைச்சல்தான்.

பெங்களூர், ஆந்திரா என்று வெளி மாநிலத்தில் படித்தவர்கள் முதலில் அந்த மாநில கவுன்சிலில் பதிவு செய்து, பிறகு இங்கே பதிவு மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கலாம் என்று தள்ளிப் போடாதீங்க.

பதிவு ஒரு தடவையோடு முடிவதில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இடையில் தொடர் பயிற்சி வகுப்புகளுக்குப் போன சான்றுகளைப் பத்திரமாகச் சேர்த்து வையுங்கள். கல்யாணம், குழந்தை என்று வீட்டில் இருக்கும் வருஷங்களிலும் புதுப்பிக்க மறக்காதீங்க. திரும்ப வேலைக்குப் போக ஆசைப்படும்போது அது கை கொடுக்கும்.

அரசு வேலையில் என்ன சம்பளம்?

தமிழக அரசு ஆஸ்பத்திரிகளுக்கு நர்சுகளைத் தேர்வு செய்வது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். 2012-ல் ஏற்பட்டது. 2015 ஜூனில் 7,243 இடங்களுக்குப் போட்டித் தேர்வு நடத்தியது. தேர்வில் ஜெயித்தவர்களுக்கு ஆரம்பச் சம்பளம் என்ன தெரியுமா? மாதம் 7,700 ரூபாய்! இரண்டு வருஷம் தொகுப்பூதியம், பிறகு காலமுறைச் சம்பளம் என்பது ஏற்பாடு. இரண்டு வருஷம் ஓடியும் பெரும்பாலோர் நிரந்தரமாகவில்லை. 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான நர்சுகள் உட்கார்ந்து போராடினார்கள். அதன் பிறகு தொகுப்பூதியம் 14,000 ரூபாயாகி, 2022-ல் 18,000 ரூபாயானது.

இதிலிருந்து என்ன புரிகிறது? 'அரசு வேலை' என்றதும் முதல் மாதமே பெரிய சம்பளம் என்று நினைக்கக் கூடாது. தொகுப்பூதியமா, காலமுறைச் சம்பளமா என்று அறிவிப்பில் படித்துப் பார்க்க வேண்டும். மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் எடுக்கும் நர்ஸ் வேலைகளும் ஒப்பந்த வேலைகள்தான்.

மத்திய அரசு ஆஸ்பத்திரிகளில் நிலைமை வேறு. எய்ம்ஸ் போன்ற இடங்களில் 'நர்சிங் ஆபீசர்' என்று பெயர். 7-வது ஊதியக் குழுப்படி அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கு 2020-லிருந்து 'நார்செட்' என்ற பொதுத் தேர்வு நடக்கிறது. டிப்ளமோ படித்தவர்களும் 50 படுக்கைகளுக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் வேலை பார்த்த அனுபவம் இருந்தால் எழுதலாம். ஆனால் பதிவு எண் இல்லாதவர் இந்தத் தேர்வின் வாசலைக் கூட மிதிக்க முடியாது!

தனியாரில் எவ்வளவு கேட்கலாம்?

பெரும்பாலான பெண்கள் முதலில் போவது தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான். "கொடுக்கறதை வாங்கிக்க வேண்டியதுதானே" என்று நினைக்காதீங்க. 2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் உத்தரவின்படி மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அது சொன்ன கணக்கு இது:

200 படுக்கைகளுக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரி: மாநில அரசு நர்சுக்குச் சமமான சம்பளம்.
100-க்கு மேல் 200 வரை: அரசுச் சம்பளத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது.
50 முதல் 100 வரை: 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது.
50-க்குக் கீழே உள்ள சின்ன நர்சிங் ஹோம்: 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது.

இது சிபாரிசு. சட்டமாக்கும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. பக்கத்துக் கேரளம் 2018-ல் நர்சுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 20,000 ரூபாய் என்று அறிவித்தது. இங்கே எல்லா நர்சிங் ஹோமும் அந்தத் தொகை கொடுப்பதில்லை. ஆனாலும் இன்டர்வியூவில் உட்காரும்போது இந்தக் கணக்கு உங்க மனசில் இருந்தால், பேச ஒரு பிடி கிடைக்கும்.

சொல்கிற சம்பளம் வேறு, கையில் வருவது வேறு. உதாரணமாக 16,000 ரூபாய் சம்பளம், அதில் அடிப்படை 12,000 என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். 12 சதவீதம், 1,440 ரூபாய். இ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம், 120 ரூபாய். கையில் 14,440. "ஐயோ, பிடிக்கிறாங்களே" என்று வருத்தப்படாதீங்க! பிடிக்காத இடத்தில்தான் யோசிக்கணும். இ.எஸ்.ஐ.க்கு உங்க 120 ரூபாயோடு நிர்வாகம் 520 ரூபாய் போட வேண்டும். அம்பத்தூர், ஆவடி தொழிலாளர் குடும்பங்களுக்கு அந்தக் கார்டின் அருமை தெரியும். 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு வைத்தியமும், நிபந்தனைக்கு உட்பட்டு 26 வார பிரசவ காலச் சம்பளமும் அதில் உண்டு.

சர்டிபிகேட் அடகுப் பொருளா?

சில இடங்களில் வேலைக்குச் சேரும்போதே, "ஒரிஜினலைக் கொடுத்துட்டுப் போம்மா, ரெண்டு வருஷம் கழிச்சுத் தர்றோம்" என்பார்கள். கொடுக்காதீங்க! சரிபார்க்க ஒரிஜினலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். படிப்புச் சான்றிதழ் விலை பேசும் சரக்கல்ல, அதைப் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று கல்லூரிகள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரிஜினல் இன்னொருவர் பீரோவில் இருந்தால் அரசு வேலை சரிபார்ப்புக்கும் போக முடியாது, வெளிநாட்டு வாய்ப்புக்கும் போக முடியாது.

வெளிநாடு என்றதும் இன்னொன்று. வளைகுடா நாடுகள் உள்ளிட்ட, குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு நர்சுகளை அனுப்பத் தனியார் ஏஜென்டுகளுக்கு 2015-ல் மத்திய அரசு தடை போட்டது. அரசு நிறுவனங்கள் மூலம்தான் போக வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் அதற்கு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. லட்சக்கணக்கில் கேட்கும் புரோக்கரிடம் போவதற்கு முன் அங்கே ஒரு நடை போய் விசாரியுங்கள்.

உங்க உடம்பையும் பார்த்துக்குங்க

வேலையில் சேரும் முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. நோயாளிக்குப் போட்ட ஊசி உங்க கையில் குத்திவிட்டால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிழிந்து ரத்தம் எடுக்க வேண்டாம். உடனே பொறுப்பாளரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எய்ட்ஸ் தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பயந்து மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

நர்ஸ் ஆகப் போகாதவர்களுக்கும்...

"எங்க வீட்ல யாரும் நர்சிங் படிக்கலையே, எனக்கெதுக்கு இதெல்லாம்?" என்கிறீர்களா? நாளைக்கு உங்க அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து, வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வைப்பீர்கள். குளிப்பாட்ட, சாப்பாடு கொடுக்க உதவியாளர் போதும். நரம்பில் ஊசி, டிரிப்ஸ் என்று வந்தால் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. கஷ்டப்பட்டுப் படித்து வந்த சிஸ்டர் கோபப்பட மாட்டார். பெருமையோடு எடுத்துக் காட்டுவார்!

சேருமுன் கேட்க நாலு கேள்வி

1. இந்தப் படிப்பை முடித்தால் கவுன்சிலில் பதிவு கிடைக்குமா? (பதிலை அந்த நிறுவனத்திடம் கேட்காதீங்க. கவுன்சிலிடம் கேளுங்கள்.)
2. இந்த வருஷச் சேர்க்கைக்கு அனுமதி இருக்கிறதா? வார்டு பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில்?
3. வேலையென்றால் நியமனக் கடிதத்தில் சம்பளம், லீவு, டூட்டி நேரம் எழுதியிருக்கிறதா?
4. பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? ஒரிஜினல் சர்டிபிகேட் என் கையிலேயே இருக்குமா?

அந்த முத்தாபுதுப்பேட்டை அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். நோட்டீஸில் இருக்கிற போன் நம்பருக்குப் பேசறதுக்கு முன்னாடி ஒருநாள் பொண்ணையும் கூட்டிக்கிட்டு ஆவடியில் ரயில் ஏறுங்க. மயிலாப்பூர் போய், "இந்தப் படிப்புக்குப் பதிவு கிடைக்குமா சார்?"னு ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வாங்க. அரை நாள் போகும். அந்த அரை நாள் உங்க பொண்ணோட நாப்பது வருஷத்தைக் காப்பாத்தும்!